ஆட்டுக்கொல்லி என்று நான் சொன்ன செடி

எமாகெனி,
வெருலம் தபால்,
18 அக்டோபர் 1998

குவாகுவாவில் தாய்வீட்டில் இருக்கும் மொலியெஹிக்குப் பக்கத்து வீட்டு மாசிபிசி எழுதும் கடிதம். நீயும் குழந்தை லினேயோவும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

என் பெயரைப் பார்த்ததும் இதைக் கிழித்துப் போடத் தோன்றினால், அதற்கு முன் இந்த ஒரு செய்தியை மட்டும் படித்துவிடு. உன் தோட்டத்தின் கிழக்கு மூலையில் வளர்ந்த செடி விஷம் இல்லை. அதன் பெயர் இந்துங்குலோ. இருமலுக்கும் இளைப்புக்கும் அதைவிடப் பெரிய மருந்து எங்கள் மண்ணில் கிடையாது. நீ என்னிடம் கேட்ட அன்றைக்கே எனக்கு அது தெரியும். தெரிந்துதான் மாற்றிச் சொன்னேன். மீதியை நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இங்கே இந்த வருடம் மழை முன்னதாகவே வந்துவிட்டது. கரும்பு வெட்டு இன்னும் முடியவில்லை, லாரிகள் சேற்றில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. போன வாரக் காற்றில் மாச்செலே வீட்டுக் கூரைத் தகரம் பறந்து ஆற்றுப் பக்கம் போய் விழுந்தது. என் முட்டி வலி அப்படியே இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மூட்டையோடு டர்பன் மருந்துச் சந்தைக்குப் போய்த்தான் வருகிறேன்.

பார், பேச்சை எங்கெங்கோ கொண்டுபோகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு பத்து சொல்வது சந்தைக்காரியின் பழக்கம். இனிமேல் நேராக எழுதுகிறேன்.

நீ இந்த ஊருக்கு மகோட்டியாக, மருமகளாக வந்த இரண்டாம் வருடம் அது, செப்டம்பர் மாதம். பீன்ஸ் போடுவதற்காக அந்த மூலையைக் கொத்திக்கொண்டிருந்தாய். மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் வேலியோரம் ஓடிவந்தாய். "மா, வந்து பாருங்களேன்! எங்க தோட்டத்துல மண்ணே பூத்திருக்கு!" என்றாய். நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அங்கே இலையும் இல்லை, தண்டும் இல்லை. வெறும் தரையிலிருந்து ஊதாப் பூக்கள், நடுவில் மஞ்சள் தீற்றலோடு, வாய் திறந்து நின்றன. ஏழெட்டு இடத்தில் இருந்தன. "இது என்ன மா? எங்க மலையில இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல" என்று கேட்டாய்.

அந்தச் செடி எங்கள் பக்கத்துக் காடுகளில் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. எங்களைப் போன்றவர்கள் தோண்டித் தோண்டியே தீர்த்துவிட்டோம். ஸ்வாசி எல்லையிலிருந்து ஒரு பெண் கொண்டுவருவாள்; விரல் நீளத் துண்டுக்கு அவள் கேட்பதைக் கொடுத்துத்தான் வாங்குவோம். உங்களுக்கு முன்னால் அந்த வீட்டிலிருந்த ஹ்லெங்வாக் கிழவர் எப்போதோ நட்டுவைத்திருக்க வேண்டும். அவர் நகரத்துக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார், அது மண்ணுக்குள்ளேயே பெருகிக்கொண்டு கிடந்திருக்கிறது.

உன்னிடம் நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. "தொடாதே மகோட்டி, இது ஆட்டுக்கொல்லி. ஒரு வாய் தின்னா ஆடு சுருண்டு விழும். கையை நல்லாக் கழுவிட்டு உள்ளே போ. நான் பக்குவமா எடுத்துடறேன்" என்றேன். அப்படி ஒரு செடியே கிடையாது, மொலியெஹி. அந்த நிமிடத்தில் என் வாயில் முளைத்த பெயர் அது.

பசியால் சொன்னேன் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். அன்றைக்கு என் வீட்டில் சோளமாவு ஒரு மூட்டை இருந்தது. பரணில் சேப்பங்கிழங்கு இருந்தது. பிள்ளைகள் தலையெடுத்து அவரவர் வழியில் போய்விட்டார்கள். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உன்னிடம் சொன்னால் நீ நாலு பேரிடம் சொல்வாய், மற்ற மருந்துக்காரிகள் வந்து குவிவார்கள் என்று பயந்தேன். அதற்கும் அடியில், உனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

நீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போன நாளில் வந்து தோண்டினேன். எல்லாவற்றையும் எடுக்கவில்லை, அடுத்த வருடத்துக்கு வேண்டுமே. திரும்பி வந்த உன்னிடம், "கொஞ்சம் வேர் உள்ளே மாட்டிக்கிச்சு, வருஷா வருஷம் நானே பார்த்துக்கறேன், நீ அந்தப் பக்கம் போகாதே" என்றேன். நீ என் கையைப் பிடித்து நன்றி சொன்னாய். மறுநாளே முட்கிளைகளை வெட்டிவந்து அந்த மூலைக்கு வேலி கட்டினாய். போகிற வருகிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அந்தப் பக்கம் விளையாடாதீங்க கண்ணுங்களா, விஷச்செடி இருக்கு. உங்க ஆட்டையும் விடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாய். மாச்செலே வீட்டுக்கு நீயாகவே போய்ச் சொன்னாய். ஊரான் ஆட்டுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நீ பட்ட கவலைதான் பிற்பாடு உன்மேல் பழியாக வந்து விழுந்தது. நான் என் வாசலில் வேர் காயவைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்து வந்த குளிர்காலத்தில் லினேயோவுக்கு நெஞ்சு இளைப்பு வந்ததே, அதை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விடக் கூடாது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் என்னிடம் வந்தாய். நான் இந்துங்குலோவை எடுத்து உரித்து, எப்படிக் கொதிக்கவைப்பது என்று சொல்லி, துணியில் முடிந்து கொடுத்தேன். விலை சொன்னேன். உன் தோட்டத்து வேரை உன் குழந்தைக்காக உன்னிடமே விற்றேன். நீ முகர்ந்து பார்த்துவிட்டு, "மா, வேலிக்குள்ள மழை பெய்ஞ்சா வர்ற வாசனை மாதிரியே இருக்கே" என்றாய். "கழுவின வேரெல்லாம் ஒரே வாசனைதான் போ" என்று நான் சொன்னேன். குழந்தை தேறியதும் ஒரு பாத்திரம் நிறைய ஆவியில் வெந்த ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாய். அதையும் தின்றேன்.

அந்த நவம்பரில் மாச்செலேயின் ஆடுகள் இரண்டு செத்தன. எதனால் செத்தன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கரும்புக்கு மருந்தடித்த ஓரத்தில் மேய்ந்திருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஆனால் ஊருக்கு உன் வேலி கண்ணுக்குத் தெரிந்தது. முதலில் பிள்ளைகளை உன் வீட்டுப் பக்கம் அனுப்பாமல் நிறுத்தினார்கள். பிறகு பெரியவர் க்வாலாவின் சாவுக்குச் சமைக்கப் பெண்கள் எல்லாரும் கூடினோம் அல்லவா, அன்றைக்கு நீ பூசணி நறுக்க உட்கார்ந்தபோது உன் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கிக்கொண்டார்கள். "நீ போய் விறகைப் பாரு மகோட்டி" என்றார்கள். நீ வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டிப் பாத்திரம் மூடி திறக்காமலே திரும்பிப் போனது. நான் அடுப்புக்கு மறுபக்கம் கேரட் சுரண்டிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

பிப்ரவரியில் மாச்செலேயின் கடைசிப் பையனுக்கு வயிற்றோட்டம் வந்ததும் விஷயம் ஊர்த்தலைவர் வரை போனது. அவர் வீட்டு மாட்டுப்பட்டி வாசலில் கூட்டம் போட்டார். மாச்செலே எழுந்து நின்று, "விஷச்செடின்னு இவளே எங்க வீட்டுக்கு வந்து சொன்னா. சொல்லிட்டு அதுக்கு முள்வேலியும் போட்டா. பூசணிக்கே வேலி போடாதவ விஷத்துக்கு வேலி போடுவாளா? எதுக்காக வளர்க்கிறா, கேளுங்க!" என்றாள். பின்னாலிருந்து யாரோ ஒருவன், "மலைக்காரிங்க கைவேலை யாருக்குத் தெரியும்!" என்றான். சிலர் சிரித்தார்கள்.

ஊர்த்தலைவர் உன்னைக் கேட்டார். நீ முழங்காலிட்டு, "ஐயா, எனக்கு இந்த ஊர்ச் செடிங்க எதுவும் தெரியாது. மாசிபிசி அம்மாதான் அது விஷம்னு சொன்னாங்க. வருஷா வருஷம் தானே வந்து எடுக்கறேன்னும் சொன்னாங்க. அவங்களைக் கேளுங்க" என்றாய். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நீயும் திரும்பினாய், இதோ அம்மா இப்போது சொல்லிவிடுவார் என்ற நிம்மதியோடு.

நான் சொன்னது இதுதான்: "அன்னைக்கே பிடுங்கி எறியச் சொன்னேன். ஏன் வெச்சிருந்தான்னு எனக்குத் தெரியாது."

உன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. என்னைச் சற்று நேரம் பார்த்தாய். பிறகு, நான் அம்மணமாக நின்றதைத் தவறிப்போய்ப் பார்த்துவிட்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாய். உன் கணவன் பெகிதெம்பாவின் அண்ணன்மார் கூடிப் பேசி, கொஞ்ச நாள் உன்னைத் தாய்வீட்டில் விட்டுவைப்பது என்று முடிவு செய்தார்கள். பெகி தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பேச வாய் இல்லை, பேசவேண்டிய நான் இருந்தும் பேசவில்லை.

பஸ் ஏறுகிற இடத்துக்கு நான் வந்திருக்கவே கூடாது. வராவிட்டால் ஊர் சந்தேகப்படும் என்று வந்தேன். நீ மூட்டையை ஏற்றிவிட்டு, குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு என்னிடம் வந்தாய். யாருக்கும் கேட்காத குரலில், "மா, வேர் இன்னும் மூலையில இருக்கு. குளிர் காலத்துல நிறைய பேருக்கு இருமல் வரும், எடுத்துக்குங்க" என்றாய்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தைக்கு மருந்து வாங்கி முகர்ந்த அன்றே தெரிந்ததா, கூட்டத்தில் என் வாயைப் பார்த்தபோது தெரிந்ததா, எனக்குத் தெரியவில்லை. முன்பே தெரிந்திருந்தால் ஏன் எல்லார் முன்னாலும் சொல்லவில்லை என்று பலநாள் யோசித்தேன். சொல்லியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? நான் முப்பது வருடமாக இந்த ஊருக்கு மருந்து கொடுக்கிறவள். நீ நேற்று வந்தவள்.

அதன்பிறகு அந்த வேரை நான் தொடவே இல்லை என்று எழுத எவ்வளவோ ஆசை. தொட்டேன். ஜூன் மாதம் ஒருமுறை, பூட்டிய வீட்டின் பின்பக்கமாகப் போய்த் தோண்டினேன். சந்தையில் நல்ல விலைக்குப் போனது. பெகி மில்லிலிருந்து சனி ஞாயிறு மட்டும்தான் வருவான் என்று நாள் பார்த்தே போனேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதை மறைத்தால் மற்றதை எல்லாம் எழுதி என்ன பயன்?

இந்த மாதம் முதல் சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். மூலையில் மறுபடியும் பூ வந்துவிட்டது. பார்த்தவர்கள் ஊர்த்தலைவரிடம் போக, அவர் அதை எரித்து ஒழிக்கச் சொல்லிவிட்டார். பெகி மண்ணெண்ணெய் டப்பாவோடு நின்றான். மாச்செலே உட்படப் பத்துப் பதினைந்து பேர் வேலியோரம் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவன் மூடியைத் திருகுவதைப் பார்த்ததும் என் கால்கள் தாமாக நடந்தன. உண்மையைச் சொல்கிறேன், அப்போது அவை உனக்காக நடக்கவில்லை. வேர் எரியப் போகிறதே என்றுதான் நடந்தன.

நான் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் பெகி பதறிப்போய் என் கையைப் பிடித்தான். "மா, கிட்டப் போகாதீங்க. மேல பட்டா உங்களுக்கு ஏதாவது ஆயிடும். நான் பார்த்துக்கறேன், நீங்க தள்ளி நில்லுங்க" என்றான். தன் பெண்டாட்டியை நான் என்ன செய்தேன் என்று தெரியாமல், என் உயிருக்குப் பயந்து என் கையைப் பிடித்தான். உன்னுடைய அதே குரல் அவனுக்கும் வந்திருக்கிறது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. கீழே உட்கார்ந்து கையாலேயே மண்ணைப் பறித்து ஒரு வேரை எடுத்தேன். பாவாடைத் துணியில் துடைக்கக்கூட இல்லை, அப்படியே மண்ணோடு வாயில் போட்டுக் கடித்தேன். மாச்செலே, "ஐயோ, பிடிங்க அவளை!" என்று கத்தினாள். நான் மென்று விழுங்கிவிட்டு இன்னொன்றைப் பறித்துத் தின்றேன். பிறகு சொன்னேன். ஆட்டுக்கொல்லி என்று எதுவுமே இல்லை என்பதில் தொடங்கி, பூ, நான் தோண்டியது, வேலி, உன் குழந்தைக்கு விற்றது, கூட்டத்தில் சொன்ன பொய், ஜூன் மாதம், எல்லாம். நடுவில் அழுகை வந்தது. அழுதால் இரக்கப்படுவார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

யாரும் இரக்கப்படவில்லை. அது சரிதான். பிறகு மாச்செலே, "தின்னு காட்டிட்டியே, பெரிய காரியம்! அவ போன பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவா பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. உன் பாத்திரத்தைத் திறக்காமல் திருப்பி அனுப்பிய பெண்களில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள்.

பெகி மண்ணெண்ணெய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் ஊர்த்தலைவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். உன் பெயரைக் கழுவ உன் புகுந்த வீட்டுக்கு நான் ஒரு வெள்ளாடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. அன்றைக்கே கொடுத்துவிட்டேன். மருந்து கொடுக்கிற வேலையை ஊருக்குள் செய்யக் கூடாது என்றும் சொன்னார். அதற்கும் சரி என்றேன். சந்தையில் யாருக்கும் இன்னும் தெரியாது. என் பக்கத்துக் கடைக்காரி வேலைமெனக்கெட்டு, "ஏன்டி ரெண்டு வாரமா வாயைக் கட்டிப் போட்டிருக்கே?" என்று கேட்கிறாள். அவளிடமும் சொல்லத்தான் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெகி என் வாசலுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உன் முகவரி எழுதிய காகிதத்தை நீட்டி, "நீங்களே எழுதுங்க. நான் சொன்னா அவ எப்படி நம்புவா? அன்னைக்கு நான் பேசாம நின்னவன்தானே" என்றான். உறையின் மேல் இருக்கிற எழுத்து அவனுடையது. அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை அவனும் பெரிய அண்ணனும் உன் தாய்வீட்டுக்கு வருகிறார்கள். ஆட்டோடு வந்து, உன் அம்மாவிடமும் மாமன்மாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இருக்கிறார்கள். அவன் இளைத்துப்போய்விட்டான். சமைத்துச் சாப்பிடுகிறானோ இல்லையோ தெரியவில்லை. நான் கொடுத்தால் வாங்க மாட்டான், அதனால் கொடுக்கவில்லை. நீ திரும்பி வர வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவன் கதவைத் தட்டும்போது அவனை வெளியிலேயே நிறுத்திவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவன் பேசாமல் இருந்தது ஒரு நாள். என் பொய்யை நான் இரண்டு வருடம் கட்டிக் காத்தேன்.

அந்த மூலையில் நான் தின்ற இரண்டைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. உங்கள் ஊரில் குளிர் அதிகம், லினேயோவின் நெஞ்சை நினைத்து இந்த உறையோடு கொஞ்சம் வைக்கலாமா என்று, என்னிடம் முன்பே மீந்திருந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். பிறகு இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். அனுப்ப அது என்னுடையதா? வேண்டுமென்றால் பெகியிடம் சொல், அவன் எடுத்து வருவான். கொழுந்து வேராகப் பார்த்து எடுக்கச் சொல், தாய்க்கிழங்கை விட்டுவிடச் சொல். இரண்டு விரற்கடை நீளம், ஒரு குவளைத் தண்ணீர், பாதியாகச் சுண்ட வேண்டும்.

அவர்களோடு நானும் வருகிறேன் என்று கேட்டேன். "அவ என்ன சொல்றான்னு பார்க்கணும்" என்றான் பெகி. உன் அம்மாவின் முன்னால் என் வாயாலேயே இதைச் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், ஒரு சொல் எழுதிப் போடு, வருகிறேன். பாய் விரிக்க வேண்டாம், வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். வேண்டாம் என்றால் நீ ஒன்றும் எழுத வேண்டியதில்லை. தபால்காரன் என் வாசலில் நிற்காமல் போகிற நாட்களை வைத்து நானே புரிந்துகொள்வேன்.

குழந்தை மூச்சுத் திணறல் இல்லாமல் உறங்கட்டும். உன் கைபட்ட அடுப்பைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடட்டும், மொலியெஹி.

உன்னை மகோட்டி என்று அழைக்கும் தகுதியை இழந்த,
பஜாபுலிலே மாசிபிசி